உப்பு ஒத்தடமும் ஒரு பேட்சும்: கடலூர், புதுச்சேரி சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்ட சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், புதுச்சேரி சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், இந்த இரண்டு ஊர்களிலும் தீராத வலிக்கு மருந்து எழுதுகிற மருத்துவர்களுக்கும், அதை எடுத்துக் கொடுக்கிற மருந்தாளுநர்களுக்கும் வணக்கம்.

நான் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங்கும் உண்டு. திங்கட்கிழமை என்றால் கலெக்டரிடம் மனு கொடுக்க வருகிறவர்கள் காலை 8 மணிக்கே கடை வாசலில் நிற்பார்கள். பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று 16 வருஷமாக அடுத்தவர்களுக்கு மனு அடித்துக் கொடுத்திருக்கிறேன். எனக்காக எழுதுவது இதுதான் முதல் தடவை.

கேட்கப்போவது பெரிதாக ஒன்றுமில்லை. வலிக்காகத் தோலில் ஒட்டுகிற ஃபென்டனில் பேட்சை ஒரு குடும்பத்தின் கையில் கொடுக்கும்போது, அதை எப்படிக் கையாள வேண்டும் என்று தமிழில் அச்சடித்த ஒரு தாளையும் சேர்த்துக் கொடுங்கள். பத்து நிமிஷம் உட்காரவைத்துச் சொல்லியும் கொடுங்கள். நோயாளிக்கு மட்டும் சொன்னால் போதாது. வீட்டில் யார் அவருக்கு முதுகு பிடித்துவிடுகிறாரோ, அவருக்குச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்குப் பண்ருட்டிப் பக்கம் ஊர். முந்திரிக் கொல்லையும் நாலு பலா மரமும் வைத்துக்கொண்டு எங்களை வளர்த்தவர். புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தபோதே அது முதுகெலும்பு வரை போயிருந்தது. அப்பாவையும் அம்மாவையும் என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். தும்மல் வந்தால்கூட கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். அவ்வளவு வலி. முதலில் மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள், நாலு மணி நேரத்துக்கு ஒன்று. வலி அடங்கியது. சில மாதங்களில் எதைச் சாப்பிட்டாலும் வாந்தி என்று ஆகி, மாத்திரை உள்ளே நிற்கவில்லை. அதனால் பேட்சுக்கு மாற்றினார்கள். மணிக்கு 25 மைக்ரோகிராம் மருந்து இறங்குகிற பேட்ச்.

எந்த மருத்துவமனை என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள்தான். கூட்டம் அப்படி. ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "மூணு நாளைக்கு ஒண்ணு ஒட்டிக்குங்க, அடுத்தது யாரு?" என்றார்கள். எங்களுக்குக் கிடைத்த பாடம் அவ்வளவுதான்.

பேட்ச் என்று நீங்கள் சொல்கிறீர்கள். எங்கள் அம்மா காதில் அது பிளாஸ்திரி என்றுதான் விழுந்தது. மருந்துக் கடையில் சில ரூபாய்க்கு வாங்கி இடுப்பில் ஒட்டிக்கொள்கிற, காந்துகிற பிளாஸ்திரியை எல்லாருக்கும் தெரியும். அதை வலிக்கிற இடத்தில் ஒட்ட வேண்டும். அதனால் இதையும் அப்பாவின் கீழ்முதுகில், வலி எங்கே என்று அவர் விரல் வைத்துக் காட்டினாரோ அங்கேயே ஒட்டினோம். இது அந்த வகை இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. இந்த மருந்து தோலுக்குள் இறங்கி, அங்கேயே தேங்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கப் போகிறது. மார்பிலோ மேல்முதுகிலோ மேல்கையிலோ ஒட்டினாலும் இடுப்பு வலி அடங்கும். முதல் பேட்ச் முழுதாக வேலை செய்ய 12 முதல் 24 மணி நேரம் ஆகும். பிய்த்து எடுத்தாலும் உடனே நிற்காது. ரத்தத்தில் இருக்கிற மருந்து பாதியாகக் குறையவே முக்கால் நாளோ அதற்கு மேலோ ஆகும். இதில் ஒன்றுகூட எங்களுக்குத் தெரியாது.

மார்கழி மாதம். அன்றைக்குப் பனி அதிகம், அப்பாவுக்கு முதுகு இறுகிக் கிடந்தது. அம்மா என்ன செய்வார்? ஐம்பது வருஷமாக என்ன செய்தாரோ அதைத்தான் செய்தார். இரும்பு வாணலியில் இரண்டு கை கல் உப்பைப் போட்டு, அது படபடவென்று வெடிக்கிற வரைக்கும் வறுத்து, பழைய வேட்டித் துணியில் மூட்டையாக முடிந்து, தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, அப்பாவின் முதுகில் ஒத்தி ஒத்தி எடுத்தார். பேட்ச் மேலேயே. ஆற ஆற மறுபடி வறுத்து, அரை மணி நேரத்துக்கும் மேல். அப்பாவுக்கு அது இதமாக இருந்திருக்கிறது. "போதும் போ, தூங்குறேன்" என்றாராம்.

நான் கடையைச் சாத்திவிட்டு 9 மணிக்கு மேல் வந்தேன். அம்மா வாசலிலேயே வாயில் விரல் வைத்து, "சத்தம் போடாதே, இன்னிக்குத்தான் அசந்து தூங்குறாரு" என்றார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. எனக்கும் சந்தோஷம்தான். சோறு போட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். உள்ளே குறட்டை ஒரு தினுசாகக் கேட்டது. ஒரு இழுப்பு, அப்புறம் ஒன்றுமே இல்லை. அடுத்தது வருமா என்று காத்திருக்கிற அளவுக்கு இடைவெளி. கை கழுவாமலே போய்ப் பார்த்தேன். கூப்பிட்டேன், தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் இமை லேசாக அசைந்தது, அவ்வளவுதான். உதடு நீலம் பாரித்திருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மூச்சை எண்ணினேன். ஒரு நிமிஷத்துக்கு ஆறு.

108-க்கு அடித்தோம், வந்தார்கள், போனோம். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கண் பாப்பா ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார், பேட்சை உரித்து எடுத்தார், இந்த மருந்தின் வேலையை முறிக்கிற நலாக்சோன் ஊசி போடச் சொன்னார். அப்புறம் எங்களைப் பார்த்து, "சூடு ஏதாவது வெச்சீங்களா?" என்று கேட்டார்.

சூட்டைப் பற்றி எங்களிடம் பேசிய முதல் ஆள் அவர்தான்.

அப்பா கண் விழித்தார். விழித்ததும் வலி மொத்தமாகத் திரும்பி வந்துவிட்டது. அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஊசியின் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும், தோலில் தேங்கிய மருந்து இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கும், மறுபடி மூச்சு அடங்கலாம் என்று சொல்லி மறுநாள் சாயங்காலம் வரை அங்கேயே வைத்திருந்தார்கள். அந்த ராத்திரி முழுக்க அம்மா வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, "நானே கொன்னுட்டிருப்பேன்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் பத்துப் பதினைந்து நாள் அப்பாவின் முதுகைத் தொடவே இல்லை. திரும்பிப் படுக்க வைக்கக்கூட என்னைக் கூப்பிடுவார்.

அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மறுநாள் பேட்ச் வந்த அட்டைப் பெட்டியைக் குடைந்து, உள்ளே மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். எழுத்து ஐந்து பாயிண்ட் இருக்கும். நாள் முழுக்க எழுத்தோடு புழங்குகிற எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. மெஷினில் இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்து, ஃபோனை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். எல்லாமே இருந்தது. வெந்நீர்ப் பை, சூடு கொடுக்கும் கம்பளி எதையும் பேட்ச் மேல் வைக்காதே என்று இருந்தது. காய்ச்சல் வந்தால் கவனம், உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸுக்கு ஏறினால் ரத்தத்தில் மருந்தின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடலாம் என்று இருந்தது. எல்லாம் இங்கிலீஷில். ஏழாம் வகுப்பு படித்த அம்மாவுக்கு, இரும்பு வாணலி வைத்திருக்கிற அம்மாவுக்கு, அதில் ஒரு வரி எட்டாது.

உப்பு மூட்டை என்று அதில் எழுதியிருக்காது என்பதும் உண்மை. அதனால்தான் சொல்கிறேன், அதை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தால் வேலைக்கு ஆகாது. நம் வீடுகளில் என்ன நடக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும். உப்பு ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், நொச்சி போட்ட வெந்நீரில் குளிப்பது, வெயில் படும்படி திண்ணையில் படுக்க வைப்பது, எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் அப்படித்தான். எண்ணெயோ தைலமோ பட்ட தோலில் பேட்ச் ஒட்டாது. ஒட்டுவதற்கு முன்னால் சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு, உள்ளங்கையால் அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். முடி இருந்தால் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டலாம், பிளேடு போட்டு மழிக்கக் கூடாது. தோல் கீறினால் மருந்து வேகமாக இறங்கிவிடும். தடவைக்குத் தடவை இடம் மாற்ற வேண்டும்.

கடலூர் வெயிலில் மே மாதம் பேட்ச் ஓரம் கிளம்பாமல் இருப்பதே இல்லை. ஒரு தடவை அப்பாவின் பனியனில் ஒட்டிக்கொண்டு துவைக்கிற துணியோடு போய்விட்டது. இன்னொரு தடவை கோரைப் பாயில் கிடந்தது. என் தங்கை மகனுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது, அந்தப் பாயில்தான் தவழ்ந்து விளையாடுவான். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2012-ல் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. 15 வருஷத்தில் குழந்தைகள் மேல் தெரியாமல் இந்தப் பேட்ச் பட்டதாக அவர்களுக்கு வந்த தகவல்கள் 26. அதில் 10 குழந்தைகள் இறந்துவிட்டன. 26-ல் 16 பேர் இரண்டு வயதோ அதற்குக் குறைவோ ஆனவர்கள். கீழே விழுந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிற வயது. மூன்று நாள் ஒட்டி எடுத்த பேட்சில்கூட பாதிக்கு மேல் மருந்து மிச்சம் இருக்கலாம். அதை எங்கே போடுவது? ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி இரண்டாக மடிக்கச் சொல்கிறார்கள், சரி. மடித்து? அமெரிக்காவில் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். நாங்கள் குப்பைக் கூடையில்தான் போட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் குப்பையைக் கையால் பிரிக்கிற அக்கா ஒருத்தர் எங்கள் தெருவுக்கு வருகிறார்.

இதற்கு ஒரு வழி உங்கள் கையில் இருக்கிறது. காலி சிலிண்டரைக் கொடுத்தால்தானே புது சிலிண்டர் கொடுக்கிறார்கள்? அந்த மாதிரி, பழைய பேட்சை மடித்து ஒரு டப்பாவில் சேர்த்துக் கொண்டுவந்து காட்டினால், எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு புதுப் பெட்டி கொடுங்கள். மருந்து வேறு யார் கைக்காவது போகிறதா என்ற உங்கள் கவலையும் அதில் தீரும்.

வேறு கைக்குப் போவது என்றால் யாரோ போதைக்கு வாங்குவது என்றுதான் உங்களுக்குத் தோன்றும். எங்கள் வீட்டில் நடக்க இருந்தது வேறு. பக்கத்து வீட்டு அத்தைக்கு முழங்கால் வலி. அப்பா பேட்ச் ஒட்டியதும் நன்றாகத் தூங்குகிறார் என்று கேள்விப்பட்டு, "எனக்கும் ஒண்ணு குடேன், முட்டியில ஒட்டிப் பார்க்கறேன்" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா மனசு கேட்காமல் கொடுத்திருப்பார். எண்ணி வாங்கின மருந்து, விலையும் அதிகம், அதனால் தயங்கினார். அந்தத் தயக்கம்தான் அத்தையைக் காப்பாற்றியது. ஃபென்டனில், மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமானது. மார்ஃபின் போன்ற மருந்துக்கு உடம்பு ஏற்கெனவே பழகியவர்களுக்குத்தான் இந்தப் பேட்சையே கொடுக்க வேண்டும். பழகாத ஒருவருக்கு ஒட்டினால் மூச்சு நின்றுவிடலாம். விலைக்குப் பயந்து பாதியாக வெட்டி ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வெட்டினால் மருந்து எந்த வேகத்தில் இறங்கும் என்பதற்குக் கணக்கே இருக்காது.

மருத்துவமனை வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோது ஒரு அம்மா தன் வீட்டுக்காரருக்கும் பேட்ச் என்றார், வாரத்துக்கு ஒன்று மாற்றினால் போதும் என்றார். அப்புறம் பெட்டியைப் பார்த்தால் அது வேறு மருந்து, புப்ரினார்ஃபின். அது 7 நாள், எங்களுடையது 3 நாள். இரண்டுக்கும் பேர் பேட்ச்தான். நாங்கள் இருவரும் அப்படியே எழுந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதற்கப்புறம் தினசரி காலண்டர் தாளில் ஒட்டின நேரத்தை எழுதி வைத்தோம். புதியது ஒட்டுவதற்கு முன்னால் பழையதை எடுத்தாயிற்றா என்று முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உறையைக் கிழிப்போம்.

இவ்வளவும் படித்துவிட்டு யாரும் இந்த மருந்தே வேண்டாம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. அது எனக்குப் பெரிய பயம். துபாயில் இருக்கிற என் தம்பி ஃபோனில் கத்தினான். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களைச் சாகடிக்கிற விஷத்தை அப்பாவுக்கு ஒட்டுகிறாயா என்றான். அங்கே தெருவில் விற்பது கள்ளத்தனமாகத் தயாரித்த தூளும் மாத்திரையும். அப்பாவுக்குக் கொடுத்தது அளந்து இறங்குகிற மருந்து. உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான இந்தப் பேட்சை 2017-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. அந்த ராத்திரிக்கு அப்புறம் டாக்டர் அளவைச் சரிபார்த்து மறுபடி பேட்ச்தான் எழுதினார். அம்மாவுக்குத் தெரிய வேண்டியது எல்லாம் தெரிந்த பிறகு, அதே பேட்சோடு அப்பா இன்னும் ஏழு மாதம் இருந்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சித்திரையில் ஊரிலிருந்து வந்த பலாப்பழத்தைக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தானே சுளை எடுத்துக் கொடுத்தார். மலச்சிக்கல் மட்டும் கடைசி வரை தொல்லை. அதற்கும் ஆரம்பத்திலேயே மருந்து சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று யாராவது முதலில் சொல்லியிருக்கலாம்.

கிடைப்பதும் சுலபமாக இல்லை. கடலூரில் நான் ஏறி இறங்கிய மருந்துக் கடைகளில், "அதெல்லாம் நாங்க வைக்கறதில்லைம்மா" என்றார்கள். 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் மேல் இருக்கிற பயம் அது. 2014-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு விதிகளை எளிதாக்கினார்கள். வலியில் கிடப்பவர்களுக்கு எட்ட வேண்டும் என்றுதான் அதைச் செய்தார்கள். அது எங்கள் ஊர் மருந்துக் கடை கவுண்டர் வரை இன்னும் வந்து சேரவில்லை. அதனால் புதுச்சேரிக்கு பஸ் ஏறினோம். திரும்பி வரும்போது ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பாட்டில் இருக்கிறதா என்று போலீஸ் பையைப் பார்ப்பார்கள். அம்மா பையை மடியில் வைத்து இறுக்கிக்கொள்வார். பெட்டியில் இருப்பது போதை மருந்து என்று யாரோ சொல்லிவிட்டார்கள், ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்து நோயாளிக்காக வாங்கிப்போவது குற்றமில்லை என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு வரியும் தாளில் இருக்க வேண்டும், கீழே டாக்டர் கையெழுத்தோடு.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து எங்கள் தெருவில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. வலி நிவாரண, ஆதரவு சிகிச்சையும் அந்தத் திட்டத்தில் உண்டு. வீட்டுக்கு வருகிற அந்தச் சகோதரிகளுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் போதும். பேட்ச் எங்கே இருக்கிறது, தேதி எழுதியிருக்கிறதா, வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா, நோயாளி கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்று பார்த்துவிடுவார்கள். கூப்பிட்டும் எழாத தூக்கம், இடைவெளி விட்டு வருகிற குறட்டை, சுருங்கிய கண் பாப்பா, இதில் எது தெரிந்தாலும் பேட்சை உரித்துவிட்டு 108-க்கு அடிக்க வேண்டும். "அசந்து தூங்குறாரு" என்று விட்டுவிடக் கூடாது. புதுச்சேரியில் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ்கள் இதைச் செய்யலாம்.

அந்தத் தாளை நானே ஒரு பக்கத்தில் அடித்து வைத்திருக்கிறேன். 16 பாயிண்ட் எழுத்து, கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். உப்பு மூட்டையைப் படமாகவே போட்டு மேலே குறுக்குக் கோடு அடித்திருக்கிறேன். எழுத்து தெரியாதவர்களுக்கும் அது புரியும் என்று அம்மா சொன்னார். நான் மருத்துவம் படித்தவள் இல்லை, அதனால் என் சொந்தப் பொறுப்பில் இதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். உங்களில் ஒரு மருத்துவர் வரிவரியாகப் பார்த்து, தப்பைத் திருத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். முதல் ஆயிரம் பிரதி என் கடையில் என் செலவில் எடுத்து, கடலூரிலும் புதுச்சேரியிலும் நீங்கள் சொல்கிற இடத்தில் கொண்டுவந்து வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்து ஜெராக்ஸ் கடைக்காரி, கடலூர்